ஸ்டீல்ஹெட்டும் டிரவுட்டும்: ஒரே மீனின் இரண்டு வாழ்க்கைகள்

சியாட்டில், போர்ட்லாண்ட், வான்கூவர் பக்கம் வசிக்கும் நம்மவர்கள் மீன் கடையில் செந்நிறச் சதையோடு அடுக்கி வைத்திருக்கும் ‘ஸ்டீல்ஹெட்’டைப் பார்த்து, அது சால்மனில் ஒரு வகை என்று எண்ணி வாங்கிப் போவதுண்டு. அதே ஊர்களில் வார இறுதியில் தூண்டிலோடு ஆற்றங்கரைக்குப் போகிறவர்களைக் கேட்டால், ஸ்டீல்ஹெட் என்பது டிரவுட்டைவிடப் பெரிய வேறொரு மீன் என்பார்கள் சிலர். டிரவுட் வயதாகிப் பெருத்தால் ஸ்டீல்ஹெட் ஆகிவிடும் என்பார்கள் வேறு சிலர். மூன்று கருத்துகளும் தவறு. தவறு பெயரோடு நின்றுவிட்டால் பெரிய நட்டமில்லை. ஆனால் ஆற்றில் மீன் எங்கே நிற்கும், எதற்காகத் தூண்டிலைக் கவ்வும், பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா அல்லது ஆற்றிலேயே விட வேண்டுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்காமல் விடை சொல்ல முடியாது.

தூண்டிலைக் கையில் எடுத்தே இராதவர்களை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. எத்தனை அடிக் கோல், எந்த அளவு முள் என்ற விவரங்களுக்குள் இது போகாது.

## ஓர் இனம், இரண்டு பெயர்கள்

வானவில் டிரவுட் என்பது வட பசிபிக் பெருங்கடலில் கலக்கும் ஆறுகளுக்கு உரிய மீன். ருஷ்யாவின் கம்சாட்கா தீபகற்பத்தில் தொடங்கி அலாஸ்கா, பிரிட்டிஷ் கொலம்பியா, வாஷிங்டன், ஓரிகன், கலிபோர்னியா வழியாக மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா வரை அதன் இயற்கையான எல்லை நீள்கிறது. உடலின் இரு பக்கமும் ஓடும் இளஞ்சிவப்புப் பட்டை அதன் அடையாளம். அறிவியலில் அதற்கு ஆங்கோரின்கஸ் மைகிஸ் என்று பெயர். ஸ்டீல்ஹெட்டின் அறிவியல் பெயரும் எழுத்து மாறாமல் அதுவே.

இந்த ஒற்றுமையை அறிஞர்களே நெடுங்காலம் உணரவில்லை. கொலம்பியா ஆற்றில் கிடைத்த, கடல் சென்று திரும்பிய மீனுக்கு ஜான் ரிச்சர்ட்சன் 1836இல் ஓர் அறிவியல் பெயர் சூட்டினார். கலிபோர்னிய ஓடையொன்றின் சிறிய மீன்களுக்கு வில்லியம் கிப்பன்ஸ் 1855இல் வேறொரு பெயர் சூட்டினார். இவை இரண்டுக்கும் முன்பே, 1792இல், கம்சாட்கா மீனுக்கு வால்பாம் என்பவர் பெயர் வைத்திருந்தார். மூன்றும் ஒரே இனம் என்பது உறுதியான பிறகு, 1989இல் மூத்த பெயரே நிலைபெற்றது. அட்லாண்டிக் சால்மனோடு வைத்திருந்த இந்த மீனைப் பசிபிக் சால்மன்களின் பேரினத்துக்கு மாற்றியதும் அப்போதுதான். ஆகவே ஸ்டீல்ஹெட்டைச் சால்மனின் நெருங்கிய உறவு என்று சொல்லலாம், அதற்குமேல் சொல்வதற்கில்லை.

## ஊரோடு இருந்தவரும் கப்பல் ஏறியவரும்

ஒரு சிற்றூரில் ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரை எண்ணிக்கொள்வோம். ஒருவர் இருக்கும் இரண்டு ஏக்கரைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்துவிடுகிறார். மற்றவர் கப்பலேறிப் போய், சில ஆண்டு சம்பாதித்து, ஊரார் அடையாளம் தெரியாமல் திகைக்கும்படி ஆளே மாறித் திரும்புகிறார். திரும்பியவர் அதே ஊரில் பெண்ணெடுக்கிறார். அவர் பெற்ற பிள்ளை ஊரோடு தங்கிவிடலாம். ஊரோடு தங்கியவரின் பிள்ளை கப்பல் ஏறலாம். இருவரையும் இரண்டு சாதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஊரோடு இருப்பது டிரவுட். கடலுக்குப் போய் வருவது ஸ்டீல்ஹெட். இந்த உவமை இவ்வளவுதான் தாங்கும், ஏனென்றால் மனிதர் யோசித்துப் போகிறார், மீனின் விஷயத்தில் உடல்தான் முடிவெடுக்கிறது. அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதே இந்த விஷயத்தின் நடு நரம்பு.

குளிர்ந்த, ஓடும் நீரின் கூழாங்கல் படுகையில் பெண் மீன் வாலால் அடித்துப் பள்ளம் பறித்து, அதில் முட்டையிட்டு, மேலே கற்களைத் தள்ளி மூடுகிறது. கற்களின் இடுக்குகளில் புகுந்து ஓடும் நீரே முட்டைகளுக்கு ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்கிறது. சேறு படிந்து அந்த இடுக்குகள் அடைபட்டால் முட்டைகள் மூச்சுமுட்டிச் சாகும். மலைச்சரிவில் காட்டை வெட்டியபின் ஆற்றில் மீன் குறைவதற்கு இது ஒரு காரணம். பொரித்து வளர்ந்த குஞ்சின் பக்கவாட்டில் கரிய நீள்வட்டத் திட்டுகள் வரிசையாகத் தெரியும். இந்தப் பருவத்துக்குப் ‘பார்’ என்று பெயர். ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை எல்லாக் குஞ்சுகளும் இப்படியே ஆற்றில் திரிகின்றன. எது கடலுக்குப் போகும், எது தங்கும் என்பதை இந்த நிலையில் பார்வையால் சொல்ல இயலாது.

அதன்பின் வழி பிரிகிறது. சிற்றோடைகளில் தங்கியது பெரும்பாலும் 20 முதல் 40 செ.மீ. நீளத்தோடு நின்றுவிடும். போனது ஒன்று முதல் மூன்றாண்டு வரை திறந்த பசிபிக்கில் கணவாயும் சிறு மீன்களும் தின்று, மூன்று நான்கு கிலோ எடையோடு, சில வேளை அதைவிட மிகப் பெரிதாகவும், வெள்ளிபோல் மின்னும் உடலோடு திரும்பும். நன்னீரில் பிறந்து, கடலில் வளர்ந்து, இனப்பெருக்கத்துக்கு நன்னீருக்கு ஏறிவரும் மீன்களை இனி ‘ஆறேறும் மீன்கள்’ என்று குறிப்பிடுவோம். நமக்கும் இது புதிதல்ல. வங்கக் கடலிலிருந்து ஆறுகளுக்குள் ஏறும் உல்லம் இவ்வகைதான். விலாங்கு இதற்கு நேர் எதிர்: அது ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கு இறங்கும்.

## உப்புக் கணக்கைத் தலைகீழாக்கும் உடல்

ஆற்று மீனைப் பிடித்துக் கடலில் விட்டால் பெரும்பாலும் செத்துப்போகும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மீனின் குருதியில் இருப்பது அதில் மூன்றிலொரு பங்கு அளவு. ஆற்று நீரிலோ உப்பு ஏறக்குறைய இல்லை. நீர் எப்போதும் உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குச் சவ்வு வழியே கசியும் இயல்புடையது. ஆகவே ஆற்றில் இருக்கும் மீனின் உடலுக்குள் செவுள் வழியாக நீர் ஓயாமல் புகுந்துகொண்டே இருக்கும். மீன் தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்து, மிக நீர்த்த சிறுநீரை ஏராளமாக வெளியேற்றி, நீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச உப்பையும் செவுளால் பற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும். கடலில் எல்லாமே மாறிவிடும். உடலிலிருந்து நீர் வெளியே கசிவதால் மீன் கடல்நீரைக் குடித்தே ஆக வேண்டும். குடித்ததோடு வந்த உப்பைச் செவுளால் வெளியே தள்ள வேண்டும். ஒரே உறுப்பு ஒரு வாழ்க்கையில் உப்பை உள்ளே இழுக்கிறது, மறு வாழ்க்கையில் வெளியே தள்ளுகிறது.

கடலுக்குப் போகப்போகும் பார் இந்த மாற்றத்தை ஆற்றில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. வசந்த காலத்தில் பகல் நீள நீள, உடலில் ஹார்மோன்கள் சுரந்து, செவுளில் உப்பை வெளியேற்றும் செல்கள் பெருகுகின்றன. கரிய திட்டுகள் மறைந்து உடல் வெள்ளியாகிறது, மெலிந்து நீள்கிறது. அதுவரை தன் இடத்தைக் காத்துக்கொண்டு நீரோட்டத்தை எதிர்த்து நின்ற குஞ்சு, இப்போது கூட்டமாகச் சேர்ந்து ஓட்டத்தோடு கீழே இறங்குகிறது. இப்படி உருமாறிய, சுமார் 15 முதல் 20 செ.மீ. நீளமுள்ள இளமீனுக்கு ‘ஸ்மோல்ட்’ என்று பெயர். பிறந்த ஆற்றின் மணம் அதன் நினைவில் பதிவதும் இந்தப் பருவத்தில்தான். பின்னாளில் எண்ணற்ற கிளையாறுகளுக்கிடையே தன் ஓடையை அது முகர்ந்தே கண்டுகொள்கிறது.

இந்த உருமாற்றத்துக்குக் கெடு உண்டு. சில வாரங்களுக்குள் கடலை எட்டாவிட்டால் உடல் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கிவிடும். அணை கட்டித் தேக்கிய நீரில் ஓட்டமே இல்லாமல் இளமீன்கள் நாள்கணக்கில் தடுமாறுவது ஏன் இவ்வளவு பெரிய கேடு என்பது இதனால் விளங்கும்.

## போவது எது, தங்குவது எது?

இதற்கு ஒற்றை விடை இல்லை. பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செயல்படுகின்றன. முதலாவது, ஆண் பெண் வேறுபாடு. உடல் பெருத்தால் முட்டை பெருகும்: ஓடையிலேயே வளர்ந்த சிறிய பெண் மீன் சில நூறு முட்டை இடும் இடத்தில், கடல் கண்ட பெண் மீன் சில ஆயிரம் இடும். கடலின் ஆபத்தைத் தாண்டியும் பெண்ணுக்குப் பயணம் இலாபமானது. ஆணுக்கு அப்படியில்லை; சின்னஞ்சிறு ஆண் டிரவுட், பெரிய ஸ்டீல்ஹெட் இணை முட்டையிடும் நேரத்தில் பக்கவாட்டில் பாய்ந்து தன் விந்தைக் கலந்துவிட்டு ஓடிவிடும். எனவே கடலுக்குப் போகும் மீன்களில் பெண்ணும், ஆற்றில் தங்குபவற்றில் ஆணும் மிகுதி.

இரண்டாவது, ஆற்றின் நிலை. ஆண்டு முழுதும் குளிர்ந்த நீரும் தாராளமான இரையும் உள்ள ஆற்றில் தங்குவது எளிது. கோடையில் வற்றும் ஓடையில் புறப்படுவதே உயிர் தப்பும் வழி. மூன்றாவது, மரபு. கலிபோர்னியாவின் சில ஆறுகளில், ஐந்தாம் குரோமோசோமின் ஒரு பெரும்பகுதி எந்தத் திசையில் அமைந்திருக்கிறது என்பதற்கும் மீன் தங்குவதற்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் மரபு ஒரு சாய்வைத்தான் தருகிறது, உறுதியைத் தருவதில்லை.

புத்தகக் கணக்காகத் தோன்றும் இதற்கு ஓர் ஆறு கண்கூடான சான்று தந்திருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பத்தில் ஓடும் எல்வா ஆற்றில் 1913இல் ஓர் அணையும், 1927இல் அதற்கு மேலே கிளைன்ஸ் கேன்யன் அணையும் எழுந்தன. மீன் ஏறுவதற்கு வழி எதுவும் வைக்கப்படவில்லை. கடலிலிருந்து வந்த மீன்கள் முகத்துவாரத்திலிருந்து 8 கி.மீ. தொலைவில் சுவரில் முட்டி நின்றன. அணைகளுக்கு மேலே சிக்கியவை தலைமுறை தலைமுறையாக வெறும் வானவில் டிரவுட்டாகவே வாழ்ந்தன. 2011இல் இடிக்கத் தொடங்கி 2014இல் இரண்டு அணைகளும் அகற்றப்பட்டன. ஏறக்குறைய அற்றுப்போனதாகக் கருதப்பட்ட கோடைக்கால ஸ்டீல்ஹெட் சில ஆண்டுகளுக்குள் எல்வாவில் மீண்டும் ஏறியது. அவற்றின் மரபணுவைச் சோதித்தபோது, அணைக்கு மேலே ஒரு நூற்றாண்டு அடைபட்டிருந்த டிரவுட்டுகளின் வழித்தோன்றல்கள் அவற்றில் இருப்பது தெரிந்தது. மூதாதையர் பலரும் கடலையே காணாதவர்கள். வழி திறந்ததும் பேரன் பேத்திகள் போய்வந்துவிட்டன. டிரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒன்றா என்று இனி யாராவது கேட்டால் எல்வாவின் பெயரைச் சொன்னால் போதும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். இனம் ஒன்று. பார் பருவம் வரை எல்லாம் ஒன்றே. பால், ஆறு, மரபு ஆகியவற்றின் கூட்டு விளைவால் சில ஸ்மோல்ட்டாக மாறிக் கடல் போகின்றன. போய்த் திரும்பியதே ஸ்டீல்ஹெட். பெற்றோர் எவ்வழியோ பிள்ளையும் அவ்வழி என்ற கட்டாயம் இல்லை.

## திரும்பி ஏறும் காலம்

திரும்பும் மீன்களிலும் இரண்டு பிரிவு உண்டு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஏறுபவை சினை முற்றிய நிலையில் வந்து, சீக்கிரமே முட்டையிடும். இவை குளிர்கால மீன்கள். மே முதல் அக்டோபர் வரை ஏறுபவை சினை முற்றாமலே வந்து, ஆற்றிலேயே பல மாதம் காத்திருந்து, அடுத்த வசந்தத்தில் முட்டையிடும். இவை கோடைக்கால மீன்கள். ஐடஹோ மாநிலத்தின் சாடூத் மலையடிவாரத்துக்கு ஏறுபவை கொலம்பியா, ஸ்னேக் ஆறுகளில் எட்டு அணைகளைக் கடந்து, 1,400 கி.மீ. போல் நீந்தி, கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 2,000 மீட்டர் மேலே போய்ச் சேர்கின்றன. அந்தப் பயணம் முழுவதற்கும் அவற்றுக்கு எரிபொருள் கடலில் சேர்த்த கொழுப்புதான். இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தூண்டில் பகுதிக்கு வரும்போது இதுவே திறவுகோல்.

பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட் இறந்தே தீர வேண்டும் என்பதில்லை. முட்டையிட்டு மெலிந்து கடலுக்குத் திரும்பும் மீனைக் ‘கெல்ட்’ என்பார்கள். அவற்றில் சிறு பங்கு மறுபடியும் ஏறிவரும்.

வட அமெரிக்காவின் பேரேரிகளில் 1870களில் தொடங்கிக் கொண்டுவந்து விடப்பட்ட ஸ்டீல்ஹெட்டுகளின் வழிவந்தவை ஏரியைக் கடலாகக் கொண்டு, மிச்சிகன், நியூயார்க், ஒண்டாரியோ ஆறுகளில் ஏறுகின்றன. உப்பைத் தொடாத அவற்றை ஸ்டீல்ஹெட் என்று அழைக்கலாமா என்று மேற்குக் கரைக்காரர்கள் முகம் சுளிப்பதுண்டு. செவுளை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆற்றுக்குள் வந்தபின் அவை நடந்துகொள்ளும் விதத்தை வைத்துப் பார்த்தால், தூண்டில்காரருக்கு இந்த வாக்குவாதத்தால் பயன் இல்லை என்பதே என் எண்ணம்.

## டிரவுட் நிற்கும் இடம்

ஓடும் ஆற்றில் நீரின் வேகம் எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே அது மிகுதி. படுகையின் கற்களில் உரசுவதால் அடியில் குறைவு. பாறைக்குப் பின்னால் மட்டுமல்லாமல், நீர் மோதித் திரும்புவதால் பாறைக்கு முன்னாலும் ஒரு சிறிய அமைதித் திட்டு உண்டாகும். வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் பக்கம் பக்கமாக உரசிப் போகும் இடத்தில் மேற்பரப்பில் ஒரு கோடு தெரியும். நுரையும் சருகும் அதன் வழியே ஒழுகிப் போகும். இதனை ‘ஓட்ட எல்லை’ என்று சொல்வோம்.

ஊரோடு இருக்கும் டிரவுட்டுக்கு இந்த ஆறுதான் சமையலறை. மே ஈ, கல் ஈ, கேடிஸ் ஈ போன்ற பூச்சிகள் இளம்பருவத்தை ஆற்றடிக் கற்களில் கழித்துவிட்டு, பிடி நழுவியோ சிறகு முளைத்து மேலே எழும்போதோ ஓட்டத்தில் அடித்துவரப்படுகின்றன. அவற்றைத் தின்று கிடைக்கும் ஆற்றல், அவற்றைத் தின்னச் செலவிடும் ஆற்றலைவிடக் கூடுதலாக இருந்தால்தான் மீன் வளரும். ஆகவே அது மெதுவான நீரில் நின்றுகொண்டு, கையெட்டும் தூரத்தில் வேகமான நீர் இரையைச் சுமந்து போகும் இடமாகத் தேர்ந்தெடுக்கிறது. ஓட்ட எல்லை அதற்கு ஏற்ற இடம். மீன்கொத்திக்கும் நீர்நாய்க்கும் ஒளிய ஒரு பாறையோ கரையோர நிழலோ அருகில் இருந்துவிட்டால் அந்த இடத்தை அது எளிதில் விட்டுக்கொடுக்காது. ஆற்றைப் படிப்பது என்று அனுபவசாலிகள் சொல்வது இதைத்தான்: இரை, ஓய்வு, மறைவு மூன்றும் எங்கே கூடுகின்றன என்று நீரின் மேற்பரப்பைப் பார்த்தே ஊகிப்பது.

இறகும் மயிரும் நூலும் கொண்டு முள்ளில் கட்டிய போலிப் பூச்சியை வைத்து டிரவுட்டைப் பிடிப்பதில் வரும் முதன்மையான சிக்கலும் ஓட்ட வேகத்தால் வருவதே. தூண்டில் கயிறு கோலிலிருந்து பூச்சி வரை பல வேகங்களில் ஓடும் நீரின் குறுக்கே கிடக்கிறது. நடுவிலுள்ள வேகமான நீர் கயிற்றை வில்லாக வளைத்து முன்னே தள்ள, பூச்சி தன்னைச் சுற்றியுள்ள நீரைவிட வேகமாக இழுபடுகிறது. இந்த ‘இழுவை’ ஒரு சாண் அளவே இருந்தாலும், உண்மைப் பூச்சிகள் மிதந்துவரும் வேகத்தை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் மீனுக்குச் சந்தேகம் வந்துவிடும். அதனால்தான் கயிற்றின் நடுப்பகுதியை அவ்வப்போது கோல் நுனியால் தூக்கி, ஓட்டத்தின் மேற்பக்கமாக மாற்றிப் போடுகிறார்கள். டிரவுட் தன் உணவில் பெரும்பகுதியை மேற்பரப்புக்குக் கீழேதான் எடுக்கிறது என்பதால், மூழ்கும் பூச்சியை ஒரு சிறு தக்கையின் கீழ்த் தொங்கவிட்டு, ஓட்டத்தோடு ஒழுகவிடுவது புதியவர்களுக்கு எளிதான முறை.

## ஸ்டீல்ஹெட் நிற்கும் இடம்

மூன்று தேவைகளில் ஒன்றை இப்போது அடித்துவிடுங்கள். கடலில் தின்று கொழுத்து வந்த ஸ்டீல்ஹெட் ஆற்றில் உண்பது மிகக் குறைவு. பிடிபட்டவற்றின் இரைப்பை பெரும்பாலும் காலியாகவே இருக்கும். இரை கணக்கில் இல்லாதபோது எஞ்சுவது ஓய்வும் மறைவும், மேலே ஏறும் வழியும். ஆகவே பூச்சி நிறைந்த ஆழமற்ற ஓட்டத்தை அது பொருட்படுத்துவதில்லை. மனிதர் சாதாரணமாக நடக்கும் வேகத்தில், இடுப்பளவு முதல் ஆளுயரம் வரை ஆழத்தில், மேற்பரப்பு சற்றுக் குலுங்கி உள்ளே தெரியாதபடி ஓடும் நீரையே அது விரும்பும். நுரைத்துப் பாயும் ஒரு நீண்ட வேக ஓட்டத்தை ஏறி முடித்ததும் இளைப்பாற நிற்கும் இடம் அதற்கு மேலுள்ள மடுவின் வால்பகுதி. அதாவது, மடு ஆழம் குறைந்து மறுபடி பாயத் தொடங்கும் விளிம்பு. ஒரு மீன் அங்கிருந்து போய்விட்டாலும், பின்னால் ஏறிவரும் மீன் அதே பாறைக்கு அருகில் வந்து நிற்கும். அனுபவசாலிகள் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தைக் கட்டிக்கொண்டு அழுவது இதனால்தான்.

பசியில்லாத மீன் ஏன் கவ்வுகிறது? குஞ்சுப் பருவத்துப் பழக்கம் மறக்கவில்லை என்பது ஒரு விளக்கம். தன் இடத்துக்குள் நுழைந்ததை விரட்டுகிறது என்பது மற்றொன்று. கையில்லாத உயிர் வாயால் தொட்டுப் பார்க்கிறது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். எதுவாக இருந்தாலும் நடைமுறையில் விளைவு ஒன்றே: பெரும்பாலான மீன்கள் பெரும்பாலான நேரம் கவ்வாது. ஆயிரம் முறை வீசினால் ஒன்று என்று இந்த மீனைப் பற்றிச் சொல்வது இதனால்தான். எப்போதாவது கவ்வக்கூடிய மனநிலையில் இருக்கும் ஒன்றின் முன்னால் இரை போய்ச் சேர வேண்டும் என்றால், எவ்வளவு கூடுதலான நீரைத் துழாவுகிறோம் என்பதே கணக்கு.

டிரவுட்டுக்குப் பாடாய்ப்பட்டுத் தவிர்த்த இழுவையை இங்கே வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். கயிற்றை ஆற்றுக்குக் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீசி, நீரோட்டமே அதனை இறுக்கிப் பிடித்துப் பெரிய வளைவில் நம் கரைப்பக்கம் கொண்டுவரும்படி விடுவது முறை. ஒரு வீச்சு முடிந்ததும் கீழ்நோக்கி இரண்டு எட்டு. மறுபடி ஒரு வீச்சு. இப்படி ஓர் ஓட்டம் முழுவதையும் விசிறியால் வருடுவதுபோல் துழாவிவிடலாம். அகலமான ஆறுகளில் இதற்கு இரண்டு கையாலும் பிடிக்கும் நீண்ட கோலைப் பயன்படுத்துகிறார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் பிறந்த வீச்சு முறை அது. தக்கையின் கீழ் முட்டை போன்ற மணியைத் தொங்கவிடுவதும் பரவலான வழக்கமே. அதில் மீன் கூடுதலாகவே அகப்படும் என்றாலும் சிலர் அதை மட்டமாகப் பேசுவார்கள். புதியவர் அதைக் காதில் வாங்கத் தேவையில்லை.

சுருக்கம் இது. டிரவுட் சாப்பிட நிற்கிறது. எனவே இயல்பாக மிதந்துவரும் உணவைக் காட்ட வேண்டும். ஸ்டீல்ஹெட் இளைப்பாற நிற்கிறது; எனவே அது நிற்கக்கூடிய நீரையெல்லாம் பொறுமையாகத் துழாவ வேண்டும்.

## நீரின் வெப்பம்

இரண்டுக்கும் பொதுவான ஒன்று வெப்பமானி. மீன் குளிர்குருதி உயிர். நீர் 5 டிகிரி செல்சியசுக்குக் கீழ் இறங்கினால் அது இரைக்காக அதிக தூரம் நகராது, ஆகவே இரை அதன் மூக்கருகே மெதுவாகப் போக வேண்டும். மறுபக்கம், 5 டிகிரியில் லிட்டருக்கு 12.8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைக்கும் நீர், 20 டிகிரியில் 9.1 மில்லிகிராம்தான் வைத்திருக்கும். அந்த வெப்பத்தில் மீனுக்கு ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. 20 டிகிரியைத் தாண்டிய ஆற்றில் போராடிக் களைத்த டிரவுட், விடுவித்தபின் நீந்திப் போனாலும் பிழைக்காமல் போகலாம். அப்போது கோலைச் சுருட்டிவிடுவதே முறை.

## கையில் இருப்பது எது?

உயிரியல் ஒன்று என்கிறது. சட்டம் இரண்டாகப் பார்க்கிறது. 1997 முதல் அமெரிக்கக் கூட்டரசு பல ஆறுகளின் ஸ்டீல்ஹெட்டை அழிவாபத்துச் சட்டத்தின்கீழ்க் காத்துவருகிறது. தெற்கு கலிபோர்னியாவில் அது மிக மோசமான பட்டியலிலேயே இருக்கிறது. அதே ஆற்றில், அதே கல்லிடுக்கில் பொரித்து, கடலுக்குப் போகாமல் தங்கிய அதன் உடன்பிறப்புக்கு அந்தக் காப்பு இல்லை. எல்வாவின் கதையை அறிந்தவருக்கு இந்தப் பிரிவினை விசித்திரமாகத்தான் படும். ஸ்டீல்ஹெட்டின் வற்றாத சேமிப்பு ஆற்றில் தங்கிய டிரவுட்டுகளிடம் இருக்கும்போது, ஒன்றைக் காத்து மற்றொன்றை விடுவது அரைகுறையான ஏற்பாடு என்றே தோன்றுகிறது.

கரையில் நிற்கும் தூண்டில்காரரால் மரபணுவைச் சோதிக்க முடியாது என்பதால் சட்டம் அளவுகோலைக் கையில் எடுக்கிறது. கடலோடு தொடர்புள்ள ஆறுகளில் 20 அங்குலத்தைத் தாண்டிய வானவில் டிரவுட்டை ஸ்டீல்ஹெட் என்று வாஷிங்டன் கொள்கிறது. கலிபோர்னியாவில் அந்த எல்லை 16 அங்குலம். இது நிர்வாகத்துக்கான ஏற்பாடு மட்டுமே. 2009இல் கனடாவின் டீஃபன்பேக்கர் ஏரியில் பிடிபட்ட 48 பவுண்டு மீன் கடலையே அறியாத வானவில் டிரவுட். மீன் பண்ணையிலிருந்து தப்பியவற்றில் ஒன்று. 1970இல் அலாஸ்காவின் பெல் தீவருகே கிடைத்த 42 பவுண்டு 2 அவுன்ஸ் மீனை அது விஞ்சிவிட்டது. பெருத்தால் ஸ்டீல்ஹெட் என்ற கருத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் செந்நிற ‘ஸ்டீல்ஹெட்’டும் பெரும்பாலும் கூண்டில் வளர்த்த வானவில் டிரவுட்டே, அவற்றுள் சில உப்புநீரையே தொட்டிராதவை. சதையின் நிறம் தீவனத்திலுள்ள நிறமியிலிருந்து வருகிறது.

இன்னொன்றையும் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே, முள்ளெலும்பு இல்லாத சிறிய சதைத் துடுப்பு ஒன்று இருக்கும். இதற்குக் கொழுப்புத் துடுப்பு என்று பெயர். பொரிப்பகங்களில் வளர்த்து விடும் குஞ்சுகளுக்கு அடையாளமாக இதை வெட்டிவிடுகிறார்கள். துடுப்பு முழுதாக இருந்தால் மீன் பெரும்பாலும் ஆற்றிலேயே பிறந்தது. அமெரிக்க மேற்குக் கரையின் பெரும்பாலான ஆறுகளில் அப்படிப்பட்ட ஸ்டீல்ஹெட்டை நீரிலேயே வைத்து முள்ளை எடுத்து விட்டுவிட வேண்டும். படம் எடுப்பதற்காக அதனைத் தண்ணீருக்கு வெளியே முழுதாகத் தூக்குவதும் வாஷிங்டனில் குற்றமே.

## நீலகிரியிலும் ஹோட்டன் சமவெளியிலும்

நம் பக்கத்து டிரவுட்டும் இதே இனம். 1860களில் நீலகிரியில் டிரவுட்டைக் குடியேற்ற பிரான்சிஸ் டே செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச். சி. வில்சன் வானவில் டிரவுட்டைக் கொண்டு அதில் வென்றார். அவலாஞ்சியின் பொரிப்பகம் அந்தக் காலத்தது. மூணாற்றின் உயர்மலை ஓடைகளிலும், இலங்கையின் நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பகுதிகளிலும் இம்மீன் விடப்பட்டது. இவற்றில் எதிலிருந்தும் ஸ்டீல்ஹெட் உருவாக வழியில்லை. மலையிலிருந்து இறங்கினால் நீரின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டிவிடும். அணைச் சுவர் இல்லாத இடத்திலும் அந்த வெப்பமே சுவர்.

ஆகவே நீலகிரியில் உரிய அனுமதி பெற்றுத் தூண்டில் போட வாய்க்கும் ஒருவருக்கு, மேலே சொன்னவற்றில் டிரவுட் பகுதி மட்டுமே பொருந்தும். அங்குள்ள ஓடைகள் குறுகலானவை, தெளிந்தவை. மீன் ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கியே நிற்கும் என்பதால் கீழ்ப்புறமிருந்து மெல்ல ஏறிவர வேண்டும். நிழல் நீரில் விழாமல் குனிந்து, ஓட்ட எல்லையின் கீழ்நுனியில் முதல் வீச்சைப் போட்டு, படிப்படியாக மேலே நகர வேண்டும். மேல்நுனியில் தொடங்கினால், கயிற்றின் நிழலுக்கு மிரண்டு ஓடும் முதல் மீன் மற்றவற்றையும் எழுப்பிவிடும்.